கையெழுத்து மட்டும் கர்னலுடையது

சிலருக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அவளுக்கு வருவதெல்லாம் சந்தேகம். கடையில் வாங்கும் பால் பாக்கெட்டின் தேதியை நகத்தால் சுரண்டிப் பார்ப்பாள், அடியில் இன்னொரு தேதி இருக்கிறதோ என்று. லிஃப்டில் 'பழுது' என்று பலகை தொங்கினால், பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் படியேறுவாள். கல்யாணப் பேச்சு நடந்தபோது மாப்பிள்ளையிடம் அவள் கேட்ட முதல் கேள்வியே, "சர்டிபிகேட் ஒரிஜினல் வச்சிருக்கீங்களா?" என்பதுதான். மனிதர் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருந்தார். பாவம், ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வந்து காட்டினார். இன்றைக்கும் யாராவது வீட்டுக்கு வந்தால் இந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்.

இப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலையும் அப்படி. ராணுவ அதிகாரிகளுக்கான தொலைதூரக் கல்லூரியில் ஆசிரியை. பாதி சர்வீஸ் முடித்த மேஜர்களும் லெப்டினன்ட் கர்னல்களும், கப்பலில் இருக்கிறவர்களும், மலைமேல் காவல் காக்கிறவர்களும், இருந்த இடத்திலிருந்தே முதுகலைப் பட்டம் படிக்கிறார்கள். பாடம் கணினியில் வரும். கட்டுரை எழுதி அனுப்ப வேண்டும். வாரம் ஒருநாள் எல்லோரும் இணையத்தில் கூடி விவாதிக்க வேண்டும். இந்தப் பட்டம் இல்லாமல் பதவி உயர்வுக் குழுவின் முன்னால் போய் நிற்க முடியாது. ஆகவே படிப்பில் ஆசை இருக்கிறதோ இல்லையோ, எல்லோரும் படித்தே ஆகவேண்டும்.

அவளுடைய அறை முன்பு தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த இடம். இரண்டு இரும்பு அலமாரி, ஆடாமல் இருக்க ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்த மேசை, காது வலிக்கிற ஹெட்போன். கீழே லாரிகள் பழுது பார்க்கும் கொட்டகை. விவாதம் சூடு பிடிக்கிற நேரம் பார்த்துத்தான் ஏதாவது ஒரு லாரி பின்னால் வரும், கீ கீ என்று கத்திக்கொண்டு.

மாணவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லக்கூடாது. காமிராவையும் போடக்கூடாது. பாதுகாப்பு விதி. திரையில் வெறும் கறுப்புக் கட்டங்கள், உள்ளே குரல்கள். முகம் தெரியாது, இடம் தெரியாது. சந்தேகப் பேர்வழிக்கு வேறென்ன வேண்டும்? கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருமுறை ஒரு மேஜரின் கட்டத்திலிருந்து வாரா வாரம் "யெஸ் மேடம்" மட்டும் வந்துகொண்டிருந்தது. அவள் திடீரென்று, "மேஜர், போன வாரம் நீங்க சொன்ன கருத்த இன்னொரு தடவ சொல்லுங்க" என்றாள். ஒரு நடுங்கும் குரல், "மேடம், சார் குளிக்கப் போயிருக்காரு" என்றது. அன்றிலிருந்து அதிகாரிகள் அவளுக்கு வைத்த பெயர் மோப்ப மேடம். அது காதில் விழுந்தபோது அவளுக்குக் கோபம் வரவில்லை. உள்ளூரப் பெருமைதான்.

இந்த மோப்பத்தில்தான் ஒரு லெப்டினன்ட் கர்னல் வந்து சிக்கினார். மரியாதைக்கு எல்லோரும் கர்னல் என்றே கூப்பிடுவார்கள். விவாதத்தில் அதிகம் பேசாத மனிதர். அவருடைய முதல் இரண்டு கட்டுரைகளும் கட்டையால் அடித்துச் செய்தவை போல இருந்தன. பத்திக்குப் பத்தி எண், 'மேற்கண்ட காரணங்களைக் கருத்தில் கொண்டு' என்று ஆரம்பிக்கும் வாக்கியங்கள். தேறுகிற அளவுக்கு ஏதோ மதிப்பெண் போட்டுவிட்டு அவரை மறந்துபோனாள்.

மூன்றாவது கட்டுரை வந்தது. போர்க்களத்தில் உணவும் எரிபொருளும் ஏன் போய்ச் சேராமல் போகின்றன என்பது கேள்வி. சாயங்காலம் வீட்டில் காப்பியை வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்தவள், காப்பி ஆறியதைக் கவனிக்கவில்லை. 'பசித்த சிப்பாய் வரைபடத்தைப் பார்ப்பதில்லை, சாலையைப் பார்க்கிறான்' என்று ஒரு வரி. அதைக் கணவரிடம் வாய்விட்டுப் படித்தே காட்டினாள்.

"நல்லா இருக்கே," என்றார் அவர்.

"நல்லா இருக்கறதுதான் எனக்கு உதைக்குது."

"ஏம்மா, ஒரு மனுஷன் நல்லா எழுதினாக் கூடத் தப்பா?"

"இந்த மனுஷன் எழுதினாத் தப்புதான்."

மறுநாள் முதல் வேலையாகக் கட்டுரையைத் திருட்டுக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் போட்டாள். ஒரு வரிகூட வெளியிலிருந்து எடுத்தது இல்லை. அப்படியானால் யாரோ உட்கார்ந்து எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். மனைவியா, காசுக்கு எழுதித் தருகிற ஆளா? யாராக இருந்தாலும் கையும் களவுமாகப் பிடிக்காமல் விடுவதில்லை என்று கங்கணம் கட்டிக்கொண்டாள்.

அவரைத் தனியாக இணையத்தில் கூப்பிட்டாள். சும்மா குசலம் விசாரிப்பது போல ஆரம்பித்து, மெதுவாகக் கொக்கியைப் போட்டாள்.

"கர்னல் சார், அந்தப் பசித்த சிப்பாய் வரி ரொம்பப் பிடிச்சிருந்தது. எதை மனசுல வச்சு எழுதினீங்க?"

"ஒரு நிமிஷம் மேடம்."

வாய் தடுமாறுவார், இருமுவார், சிக்னல் போய்விட்டது என்று கம்பி நீட்டுவார் என்று அவள் காத்திருந்தாள். ஆனால் ஹெட்போனில் கேட்டதோ வேறு. மனிதர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, அறையில் இருந்த யாரிடமோ உரக்கக் கேட்டார்: "கேப்டன், இங்க வா. மேடம் கேக்கறாங்க பார். அந்தச் சிப்பாய் வரிய எதுக்குப் போட்ட?"

ஒரு இளங்குரல் மைக்குக்குப் பக்கத்தில் வந்து, போன குளிர்காலத்தில் மேலே இருந்த காவல் சாவடிக்கு ரொட்டி போய்ச் சேராத கதையைத் தயங்கித் தயங்கிச் சொன்னது.

"சார்," என்றாள், குரல் திரும்பியதும். "இந்தக் கட்டுரைய எழுதினது யாரு?"

"கேப்டன்தான் மேடம். என்னென்ன வரணும்னு நான் சொன்னேன். ரெண்டு தடவ திருப்பி அனுப்பித் திருத்தச் சொன்னேன். அப்புறம் பாத்து ஒப்புதல் குடுத்தேன்."

"அப்ப மொதல் ரெண்டு கட்டுரை?"

"அது பழைய கேப்டன். மாத்தலாகிப் போயிட்டான். அவன் அவ்வளவு நல்லா எழுத மாட்டான் மேடம்."

என்ன நெஞ்சழுத்தம்! நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அவரே பேசினார்.

"ஏன் மேடம், எதாவது தப்பா வந்திருக்கா? வந்திருந்தாப் பொறுப்பு என்னோடது. கையெழுத்துப் போட்டவன் நான். கேப்டன ஒண்ணும் சொல்லிடாதீங்க."

பேச்சு முடிந்து ஹெட்போனைக் கழற்றி வைத்தாள். நடிக்கிறாரோ? அப்பாவி வேஷம் போட்டால் விட்டுவிடுவாள் என்று கணக்குப் போடுகிறாரோ? அந்தப் பேச்சை மனதுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். எங்கேயும் ஒரு ஓட்டை அகப்படவில்லை. திருடுகிறவன் திருட்டுக்குத் துணை வந்தவனைக் கூப்பிட்டு அறிமுகம் செய்துவைப்பானா?

விதி என்னவோ தெளிவாக இருந்தது. பிறர் எழுதியதைத் தன்னுடையதாகக் கொடுத்தால் படிப்பிலிருந்து நீக்கம், அவருடைய மேலிடத்துக்கும் தகவல் போகும். கர்னலின் கோப்பைப் பார்த்தாள். பதவி உயர்வுக் குழுவின் முன்னால் நிற்க அவருக்கு இதுதான் கடைசி வருடம். இதை விட்டால் வயது தாண்டிவிடும். பிறகு இதே பதவியில் வீட்டுக்குப் போகவேண்டியதுதான்.

கல்லூரி இயக்குநர் ஓய்வுபெற்ற பிரிகேடியர். விஷயத்தைக் கேட்டதும் அவர் திடுக்கிடவில்லை. அதுவே அவளுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

"எங்க சர்வீஸ்ல இது சகஜம்மா. சின்ன அதிகாரி எழுதுவான், பெரிய அதிகாரி பாத்துக் கையெழுத்துப் போடுவான். பாராட்டு வந்தா யூனிட்டுக்கு, திட்டு வந்தா கையெழுத்துப் போட்டவனுக்கு. ஆனா இது பட்டப்படிப்பு. விதி விதிதான். நீக்கிடுங்க. நீங்க ஒரு அறிக்கை எழுதிக் கொண்டாங்க, நான் கையெழுத்துப் போட்டுடறேன்."

அவள் எழுந்திருக்கவில்லை. அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிரிகேடியருக்கு முதலில் ஒன்றும் விளங்கவில்லை. விளங்கியதும் முகம் சிவந்தது. தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மேசை மேல் இருந்த பேனாவை அப்படியும் இப்படியும் நகர்த்தினார்.

"இப்ப என்ன பண்ணணும்கறீங்க?" என்றார், குரலை இறக்கி.

"அவர் பொய் சொல்லல சார். அவருக்கு இது தப்புன்னே தெரியல. அந்த மூணு கட்டுரையும் வேண்டாம். புதுசா ஒண்ணு, அவரே தனியா உக்காந்து எழுதட்டும். தேறினாப் பழச விட்டுடலாம். இல்லன்னா விதிப்படி போங்க."

"நீங்களா இப்படிப் பேசறது?"

"நானேதான். எனக்கே ஆச்சரியமாத்தான் இருக்கு."

அந்த அனுமதிக் குறிப்பைப் பிரிகேடியர் தானே எழுதினார். மூன்று வரி எழுத அவருக்கு மதியச் சாப்பாடு வரை ஆயிற்று.

கர்னலுக்குச் சொன்னபோது அவர் வாதாடவில்லை. "நானே எழுதணுமா? கேப்டன் படிச்சுக்கூடப் பாக்கக் கூடாதா?" என்று இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார். "சரி மேடம். எழுதிடலாம். சர்வீஸ் பூரா இதானே பண்றேன்," என்றார் தெம்பாக. கேள்வியையும் அவள் வேண்டுமென்றே சுலபமாகத்தான் கொடுத்தாள்: நீங்கள் எடுத்த ஒரு முடிவு ஏன் தவறிப்போனது என்று விளக்குங்கள்.

கட்டுரை வந்த அன்று கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். முதலில் பழைய மோப்பம்தான். எங்கேயாவது கேப்டனின் கை பட்டிருக்கிறதா, எங்கேயாவது ஒரு வாக்கியம் கொஞ்சம் நிமிர்ந்து நடக்கிறதா என்று துருவினாள். இல்லை. முதல் பத்தி இல்லை, இரண்டாம் பத்தி இல்லை. பாதிக்கு மேல் போனபோது அவள் தேடுவதே மாறிவிட்டது. ஒரு நல்ல வரியாவது வந்துவிடாதா என்று தவித்தாள். யார் எழுதிக் கொடுத்திருந்தாலும் இந்த ஒருமுறை கண்டுகொள்ளாமல் விட்டுவிடக்கூட அவள் தயார்.

ஏன் என்று கேட்டதற்கு மனிதர் உத்தரவு எழுதியிருந்தார். 'பாலத்தைச் சோதித்த பின்னரே வண்டிகள் அனுப்பப்பட வேண்டும்.' 'ஓட்டுநர்கள் எச்சரிக்கப்பட வேண்டும்.' 'இனி இவ்வாறு நிகழாமல் பார்த்துக்கொள்ளப்பட வேண்டும்.' கடைசிவரை வேண்டும் வேண்டும் என்றே போயிற்று. எந்தப் பாலம், யார் அனுப்பியது, அவர் அன்றைக்கு என்ன நினைத்தார், ஒன்றுமே இல்லை. காரணம் என்று ஒரு சொல் தலையைக்கூட நீட்டவில்லை.

இது அவரே எழுதியது. அவளுடைய வாழ்க்கையிலேயே முதல்முறையாக, ஒரு விஷயத்தில் அவளுக்கு எள்ளளவும் சந்தேகம் இல்லை. அது இப்படிப்பட்ட விஷயமாகவா இருக்க வேண்டும்? வீட்டுக்குக் கொண்டுபோய் ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொருமுறை படித்தாள். கணவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார்.

"பாஸ் போட்டுடேன். பாவம், உண்மையா எழுதிக் குடுத்திருக்காரு."

"உண்மையா எழுதினதுக்கு மார்க் இல்லீங்க. நல்லா எழுதினதுக்குத்தான்."

"ரொம்பக் கல்நெஞ்சுடி உனக்கு."

அன்று அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் முடிவைப் பதிவதற்கு முன் தானே கர்னலைக் கூப்பிட்டாள். மின்னஞ்சலில் தெரியட்டும் என்று விட மனம் வரவில்லை. தேறவில்லை என்று சொல்லிவிட்டு, அவர் கத்துவதற்காகக் காத்திருந்தாள். கத்தியிருந்தால் அவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஒண்ணு கேக்கலாமா மேடம்?" என்றார் அவர். "நெஜமாவே அவ்வளவு மோசமா?"

"ஆமா சார்."

"எழுதும்போதே எனக்குத் தெரிஞ்சுது மேடம். காலைல உக்காந்தா மதியம் வரைக்கும் ஒரு பத்தி நகரல. இத்தன வருஷமா நல்லா எழுதறீங்க சார், நல்லா எழுதறீங்க சார்னு எல்லாரும் சொல்லிச் சொல்லி, நான்தான் எழுதறேன்னு நானே நம்பிட்டேன். கேப்டனா இருந்தப்பவே எனக்குக் கீழ ஒரு லெப்டினன்ட் எழுதிக் குடுத்துட்டிருந்தான். ஒருத்தர்கூட என்ன உக்கார வச்சு, நீயே எழுது பாக்கலாம்னு சொன்னதில்ல."

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. காமிரா இல்லாததற்கு அன்றுதான் நன்றி சொன்னாள்.

"குழுவுக்கு முன்னாடி இன்னொரு வாய்ப்பு..." என்று இழுத்தார் அவர்.

"இல்ல சார்."

"சரி மேடம்."

அவர் இணைப்பைத் துண்டிக்கவில்லை. அவளும் துண்டிக்கவில்லை. என்ன சொல்வது? மன்னியுங்கள் என்றால் பொய். வருத்தமாக இருக்கிறது என்றால் அது போதாது.

"உங்கள யாராவது முன்னாடியே சந்தேகப்பட்டிருக்கணும் சார்," என்றாள் கடைசியில். "நீங்க மேஜரா இருந்தப்பவே. கேப்டனா இருந்தப்பவே."

"அப்ப நீங்க இல்லாமப் போயிட்டீங்களே மேடம்," என்றார் அவர்.