மகள் துடைத்து அனுப்பிய முகம்

ரொட்டிக் கடையில் பதினொரு வருடமாக அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் அக்காவுக்குக் கன்னமும் மூக்கும் எப்போதும் சிவந்தே இருக்கும். "காலையிலேயே ஊத்திக்கிட்டு வந்துட்டியா?" என்று மேற்பார்வையாளர் எல்லார் முன்னாலும் கேட்பார். முகம் சிவந்தால் சாராயம்தான் என்று எந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தாரோ. அக்கா ஒரு சொட்டுக்கூடத் தொட்டதில்லை. அவர் குரலைக் கேட்டாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஆஸ்பத்திரிக்குப் போக லீவு தரமாட்டார்கள். அதனால் ஆன்லைனில் ஒரு டாக்டரைப் பிடித்தாள். மகள்தான் போட்டோ எடுத்து அனுப்பினாள். டீ நேரத்தில் மாவு மூட்டைமேல் உட்கார்ந்து வீடியோவில் பேசினாள்.

"போட்டோவுல முகம் பளிச்சுன்னுதானேம்மா இருக்கு," என்றார் டாக்டர்.

மகளுக்கு ஸ்டுடியோவில் வேலை. கல்யாணப் பெண்களின் முகத்தைக் கம்ப்யூட்டரில் துடைத்துத் துடைத்துப் பழகிய கை, அம்மாவின் சிவப்பையும் துடைத்துவிட்டே அனுப்பியிருந்தது.

"வீட்டுக்குப் போய் அவளை வச்சுக்கறேன்," என்று அக்கா பல்லைக் கடித்தாள். "அந்தப் படத்தைத் தூக்கிப் போடுங்க டாக்டர். இதைப் பாருங்க." போனை முகத்தருகே கொண்டுபோனாள்.

டாக்டர் உற்றுப் பார்த்தார். "இது ரோசேசியாங்கற தோல் நோய். அடுப்புச் சூட்டுல அதிகமாகும். மருந்து எழுதறேன். இது குடிக்காதவங்களுக்கும் வரும்மா."

அக்கா எழுந்தாள். நேராக மேற்பார்வையாளரின் மேஜைக்குப் போய், வேலையாட்கள் எல்லாரும் பார்க்க, போனை அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"கடைசியா சொன்னதை இன்னொரு தடவை சொல்லுங்க டாக்டர். கொஞ்சம் சத்தமா."