நாலு கட்டையில் ஒரு பாட்டு

பதினெட்டு வருடம் நான் நகலாக இருந்தேன். அதில் எனக்கு வெட்கம் ஒன்றும் இல்லை, நல்ல நகல். எங்கள் மெல்லிசைக் குழுவின் கச்சேரி முடிந்து மேடையை விட்டு இறங்கும்போது யாராவது கிட்டே வந்து, "ரெகார்டு போட்டாப்பலயே இருந்துச்சுங்க" என்று சொல்லிவிட்டால் போதும், அன்றைக்குச் சாப்பாடு ருசியாக இறங்கும். அதற்கு மேல் ஒரு பாராட்டு இருப்பதாகவே எனக்குத் தெரியாது.

குழுவை நடத்துபவர் கீபோர்டு வாசிப்பவர். நான் அவரை அண்ணா என்பேன், அவர் என்னை அம்மணி என்பார். தங்கமான மனிதர். ஆனால் ஒரு விஷயத்தில் மட்டும் மசிய மாட்டார். ரெகார்டில் பாட்டு எந்தக் கட்டையில் இருக்கிறதோ அதே கட்டையில்தான் மேடையிலும் பாட வேண்டும். பாடுகிறவருக்குக் காய்ச்சலாக இருக்கட்டும், தொண்டை கட்டியிருக்கட்டும், சுருதியை அரைக் கட்டை இறக்கச் சம்மதிக்க மாட்டார். கீபோர்டில் ஒரு பட்டனைத் தட்டினால் சுருதி தானாக இறங்கிக்கொள்ளும். அந்தப் பட்டனை அவர் தொட்டு நான் பார்த்ததே இல்லை. அசல் பாடகியின் குரல் ஓரிடத்தில் லேசாகப் பிசிறடித்திருந்தால் அதையும் ஹெட்போனில் கேட்டுக் குறித்து வைத்திருப்பார். "இங்கொரு பிசிறு வருமுங்க அம்மணி, விட்டுப்போட்டீங்க" என்பார். நானும் பிசிறடித்துக் காட்டுவேன்.

ஆனால் எனக்குள் ஒரு சந்தேகம் சின்ன வயதிலிருந்தே இருந்தது. அப்போது நாங்கள் உக்கடத்தில் குடியிருந்தோம். எங்கள் தெரு வழியாகப் போகும் ஊர்வலங்களில் ஒரு பேண்டு செட் வரும். அதில் கிளாரினெட் வாசிப்பவர் ஒரு சினிமாப் பாட்டை எங்கள் வீட்டு முக்கில் திரும்பும்போதுதான் எடுப்பார். பாட்டு என்றால் எனக்கு அதுதான். நாலைந்து வருடம் கழித்து ரேடியோவில் அசல் வந்தபோது, யாரோ பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டதென்று பாடிவிட்டுப் போவதுபோல இருந்தது. கிளாரினெட்காரர் அழுத்தி நின்ற இடத்தில் இவர்கள் நிற்கவே இல்லை. இதை ஒருமுறை அண்ணாவிடம் சொன்னேன். "அன்னைக்கு ஊர்வலத்துல சுண்டல் நல்லா குடுத்திருப்பாங்க" என்றார். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டேன்.

பிறகு என் கழுத்தில் கட்டி வந்தது. தைராய்டு. அறுவை செய்து எடுத்தார்கள். குரலுக்குப் போகும் நரம்பு பக்கத்திலேயே ஓடுகிறது, கொஞ்சம் பாதிக்கலாம் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கினார்கள். யார் மேலும் குற்றம் சொல்ல மாட்டேன். பேச்சு பழையபடி வந்தது. கீழ்ச் சுரங்கள் வந்தன, முன்னைவிடக் கொஞ்சம் கனமாகவே வந்தன. மேலே போகும்போது மட்டும் குரல் அப்படியே அறுந்து வெறும் காற்று வந்தது. ஆறு மாதம் காத்திருந்தேன். காற்றுதான்.

அதற்குள் அண்ணா பொள்ளாச்சியிலிருந்து ஒரு பள்ளிக்கூட டீச்சரைப் பாட அழைத்து வந்திருந்தார். அருமையான குரல், குறை சொல்ல ஒன்றுமில்லை. என்னை வீட்டில் வந்து பார்த்துவிட்டு அண்ணா மெதுவாக ஆரம்பித்தார். "அம்மணி, நீங்க பேசறது கேக்கறதுக்கு நல்லா இருக்குதுங்க. மேடைல அறிவிப்பு பாத்துக்கறீங்களா?" காப்பியை அவர் கையில் கொடுத்துவிட்டு, பாடாமல் மேடையில் நிற்பதற்கு நான் என்ன கல்யாணப் பொண்ணா என்று கேட்டுவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கடைசியில் ஒரு வழி சொன்னார். வெள்ளகோவிலில் ஒரு கல்யாண வரவேற்பு வருகிறது. பெண்ணின் அம்மா ஒரு பழைய பாட்டைக் கேட்டிருக்கிறார், நம் லிஸ்டில் இல்லாதது. அதைப் படித்துக்கொண்டு ஒத்திகைக்கு வாருங்கள். பாட்டு வந்துவிட்டால் பழையபடி எல்லாம். வராவிட்டால் அறிவிப்பு. அவர் போனதும் என் கணவர், "நல்ல மனுசன் கண்ணு, அவருகிட்ட எரிஞ்சு விழுகாத" என்றார். அவர்மேலும் எரிந்து விழுந்தேன்.

அது மகளை வழியனுப்பும் பாட்டு. பஸ்ஸில் எப்போதோ காதில் விழுந்திருக்கிறது, பாடியதில்லை. போனில் தேடி எடுத்தேன். கொஞ்சம் சாவகாசமாகப் போனது. அந்தக் காலத்துப் பாட்டு அப்படித்தான் என்று நினைத்துக்கொண்டேன். பாடகியின் குரலும் எனக்கு இப்போதிருக்கிற குரல் மாதிரிக் கனமாக இருந்தது. அதுவே எனக்குப் பெரிய தைரியம். துடியலூரில் ஒரு பம்பு கம்பெனியில் மோட்டாருக்குக் காயில் சுற்றும் வேலை எனக்கு. கைக்குத்தான் வேலை, தொண்டை சும்மாதான் இருக்கும். காதில் மாட்டிக்கொண்டு நாள் முழுக்க அதையே பாடினேன். சரணத்தில் ஓரிடம் உச்சிக்குப் போகிறது. பத்தாம் நாள் அந்த உச்சியைத் தொட்டேன். அறுந்து போகவில்லை. காற்று வரவில்லை. சுரம் வந்தது. பக்கத்து மிஷின் அக்கா ஓடி வந்து, "ஏனுங்க, கையில கம்பி கிம்பி குத்திப்போடுச்சா?" என்று கேட்டார். அவ்வளவு அழுதிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்கு ராணி மாதிரிப் போனேன். அண்ணா முன்னிசையை வாசிக்க ஆரம்பித்ததும் எனக்கு ஒன்றும் புரியவில்லை. பாட்டு எங்கோ உயரத்தில் ஓட்டமாக ஓடியது. பல்லவியைப் பிடித்தேன், மூச்சு முட்டியது. சரணத்தின் உச்சியில் வெறும் காற்று. தபலாக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"நீங்க தப்பா வாசிக்கறீங்க" என்றேன். பதினெட்டு வருடத்தில் அண்ணாவைப் பார்த்து நான் சொன்ன முதல் குற்றச்சாட்டு. அவர் என் போனை வாங்கி நான் படித்த பாட்டைப் போட்டார். கீபோர்டில் ஒரு விரலை வைத்துப் பார்த்தார். பிறகு தன் போனில் அசலைப் போட்டார். என்னுடையது நாலு கட்டை. அசல் ஐந்து.

"நெட்டுல திருட்டுத்தனமா பாட்டு ஏத்தறவன், கேசட்டுக் கம்பெனிக்காரன் கண்டுபிடிச்சு எடுத்துப்போடக் கூடாதுன்னு வேகத்தக் கொறச்சுப் போடறானுங்கம்மணி. வேகம் கொறஞ்சா சுதியும் எறங்கிப்போகும்" என்றார். தபலாக்காரருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. நானும் சிரித்திருக்க வேண்டும். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பத்து நாளாக நான் எந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு ஏறினேனோ அது அந்தப் பாடகியின் குரலே இல்லை. அந்த மாதிரிக் குரல் உலகத்தில் யாருக்குமே கிடையாது.

"நாலுலயே பாடறேனுங்கண்ணா. பட்டனத் தட்டுங்க."

"அது நாம செய்யறதில்லீங்களே."

"எறக்குனா என்ன ஆயிருமுங்க?"

"சனங்க காதுல ரெகார்டுதான் இருக்குது. எறக்கிப் பாடுனா, பாட முடியாம எறக்கிப்போட்டாங்கன்னுதான் சொல்லுவாங்க. உங்களத்தான் சொல்லுவாங்க அம்மணி." அவர் கோபமாகச் சொல்லவில்லை, அக்கறையாகத்தான் சொன்னார். பாட்டு டீச்சருக்குப் போனது. அறிவிப்பு எனக்கு வந்தது.

வீட்டுக்கு வந்து, அசலையும் மெதுவாக்கியதையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். பொறாமையில் கேட்கிறேனோ என்று எனக்கே பயம். ஆனால் திரும்பத் திரும்ப ஒன்றுதான் பட்டது. அசலில், பாட்டில் வரும் அம்மா மகளுக்குக் கை காட்டுகிறாள், வண்டி கிளம்பிவிடுகிறது. எல்லாம் சந்தோஷமாக, அழகாக இருக்கிறது. மெதுவாகப் போகும்போது அவள் கையை விடவில்லை. சொல்கிற சொல் அதேதான், ஆனால் ஒவ்வொன்றையும் சொல்ல மனமில்லாமல் சொல்கிறாள். எவனோ திருட்டுத்தனமாக வேகத்தைக் குறைக்கப் போய், அந்தப் பாட்டுக்குள் இருந்த இன்னொரு பாட்டு வெளியே வந்துவிட்டது. நான் தப்பாகப் படித்தது வாஸ்தவம். படித்தது தப்பான பாட்டு இல்லை. இனி இதை ஐந்தில் என்னால் பாட முடியாது. முடிந்தாலும் பாட மாட்டேன். அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

வெள்ளகோவில் மண்டபத்தில் ஏழு மணிக்கே நல்ல கூட்டம். மேடை ஏறுவதற்கு முன் டீச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தப் பாட்ட மட்டும் நா பாடிக்கறேனுங்க டீச்சர்" என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பாடுங்க. எனக்கு அது வேகவேகமா வருதே ஒழிய மனசுல நிக்க மாட்டேங்குதுங்க" என்றார். அவரோடு சண்டை போடத் தயாராக வந்திருந்தேன், அதற்கு வேலை இல்லாமல் போய்விட்டது.

நாலு பாட்டு முடிந்தது. நாலையும் ஒழுங்காக அறிவித்தேன். ஐந்தாவதற்கு மைக்கைப் பிடித்துச் சொன்னேன். "அடுத்த பாட்டு, பொண்ணோட அம்மா ஆசப்பட்டுக் கேட்டதுங்க. ரெகார்டுல அஞ்சு கட்டை. இங்க நாலு கட்டைல, நிதானமா வருது. பாடறது நானேதானுங்க."

அண்ணாவின் முகத்தை நான் பார்க்கவில்லை, பார்க்கக் கூடாதென்றே திரும்பாமல் நின்றேன். எனக்கு அவரைத் தெரியும். நிறைந்த கல்யாண மண்டபத்தில் ஒரு பெண்பிள்ளையிடம் குரலை உயர்த்துகிற ஆள் இல்லை. அவருடைய மரியாதையைத்தான் நான் அவருக்கு எதிராகப் பயன்படுத்தினேன். அது தப்புதான். இன்னொரு முறை வந்தாலும் அதைத்தான் செய்வேன்.

முன்னிசைக்குக் காத்திருக்காமல் பல்லவியை எடுத்துவிட்டேன். நாலு கட்டை என் தொண்டையிலேயே இருந்தது. முதல் வரியில் என் குரல் மட்டும் தனியாகப் போனது. இரண்டாவது வரியும் தனியாகத்தான் போனது. இப்படியே முழுப் பாட்டையும் தனியாகப் பாட வேண்டியதுதான் என்று நினைத்து மூன்றாவது வரிக்கு மூச்சை இழுத்தபோது பின்னால் கீபோர்டு வந்து சேர்ந்தது. நாலு கட்டையில். அடுத்த சுற்றில் தபலாவும் வந்தது. தபலாக்காரர் நான் போகிற வேகத்துக்கு விட்டுக்கொடுத்து வாசித்தார்.

சரணத்தின் உச்சிக்கு வந்தபோது நான் அவசரப்படவில்லை. அசலில் அந்த இடத்தைப் பாடகி ஒரே தாவில் தாண்டிவிடுவார். நான் கீழேயே நின்று ஒரு மூச்சு வாங்கி, மெதுவாக ஏறினேன். பரிசு கொடுக்க நின்ற வரிசை நகராமல் நின்றது. போட்டோக்காரர் இரண்டு முறை கூப்பிட்டும் பெண்ணின் அம்மா திரும்பவில்லை. அவர் மகளின் முழங்கையைப் பிடித்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் கைதட்டு பெரிதாக ஒன்றும் வரவில்லை. முதலில் ஒருவர், பிறகு ஒவ்வொருவராகத்தான் தட்டினார்கள். அந்த அசல் ரெகார்டை விட நான் நன்றாகப் பாடினேன். இதைச் சொல்ல எனக்கு என்ன கூச்சம்? மற்ற எந்தப் பாட்டிலும் இப்படிச் சொல்ல மாட்டேன். இதில் சொல்வேன்.

வேனில் திரும்பும்போது அண்ணா முன் சீட்டில் உட்கார்ந்துகொண்டார். இறங்கும்போது அடுத்த கச்சேரித் தேதியை எல்லாருக்கும் சொன்னார், எனக்குச் சொல்லவில்லை. குழுவில் என் இடம் போயிற்று என்றே நினைத்தேன்.

மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்தது. காங்கயத்தில் ஒரு புரோக்ராம். அந்த வீட்டார் வெள்ளகோவில் கல்யாணத்துக்கு வந்தவர்களாம். "அந்த மெதுவாப் போற பாட்டு இருந்தாத்தான் வேணுமுங்கறாங்க" என்றார். குரலில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை.

"வாரேனுங்கண்ணா. ஆனா ஒரு பாட்டுக்கு மட்டும் வர மாட்டேன். எம்பாட்டு எல்லாத்தையும் என் கட்டைல பாடறதுன்னாச் சொல்லுங்க. இல்லீன்னா அறிவிப்புக்கும் வேற ஆளப் பாத்துக்கங்க."

அவர் நீளமாக மூச்சு விட்டது கேட்டது. "எந்தெந்தப் பாட்டு எந்தெந்தக் கட்டைன்னு லிஸ்டு அனுப்புங்க."

என் பாட்டு என்று குழுவில் பதினாலு உண்டு. ஒவ்வொன்றாக எடுத்து இறக்கிப் பார்த்தேன். இறங்கியதும் சில பாட்டு நன்றாக உட்கார்ந்தது. சிலதைக் கொஞ்சம் மெதுவாக்க வேண்டியிருந்தது, ஒன்றை வேகமாக்கினேன். பதினோரு பாட்டு வந்துவிட்டது. இரண்டு வரவில்லை, போனால் போகட்டும் என்று லிஸ்டிலிருந்து அடித்தேன். மீதி ஒன்று, என்னைக் குழுவில் சேர்த்துக்கொள்ள வைத்த பாட்டு. இந்தப் பக்கத்து ஊர்களில் என்னை அந்தப் பாட்டை வைத்துத்தான் தெரியும். மூன்றரையில் பாடினேன். நாலில், நாலரையில் பாடினேன். அந்தப் பாட்டுக்கு உயிரே உச்சியில்தான் இருக்கிறது. கீழே கொண்டுவந்தால் சப்பென்று கிடக்கிறது. மூன்று நாள் விடாமல் பார்த்தேன். அழுதும் பார்த்தேன். பிறகு அதையும் அடித்துவிட்டு லிஸ்டை அனுப்பினேன்.

அண்ணா உடனே கூப்பிட்டார். "பதினொண்ணு போதுமுங்க அம்மணி. ஞாயித்துக்கெழம ஒம்பது மணிக்கு வந்துருங்க, மொதல்லருந்து பாத்துருவோம்." பிறகு சொன்னார். "அந்த ஒரு பாட்ட நாம இனி மேடைல எடுக்க வேண்டாமுங்க. நீங்க பாடுனதாவே இருக்கட்டும்."

"வேண்டாமுங்கண்ணா. டீச்சருக்குக் குடுங்க. அவங்களுக்கு அது வரும்" என்றேன்.

சொல்லும்போது குரல் நடுங்கவில்லை. அந்த மூன்று நாளும் பாட்டோடு சேர்த்து இதையும்தான் சொல்லிப் பழகியிருந்தேன்.