தூக்கிய கொடுக்கு

திருப்புலி நாடு என்னும் மலையூரில் மிளகுத் தோட்டம் வைத்திருக்கும் குப்புசாமிக்குத் தேள் என்றால் பயமே கிடையாது என்று ஊர் நம்பியது. ஊரை அப்படி நம்ப வைத்தவரும் அவர்தான். அதனால்தான், தேளைக் கண்டால் தானாகக் கத்தும் செயலியை உருவாக்கிய கல்லூரிக்காரர்கள், அதைப் பழக்குவதற்கு உயிருள்ள தேள்களைப் படமெடுத்துத் தரச் சொல்லி அவரிடம் வந்தார்கள். நானூறு படம் கொடுத்தார். உயிருள்ள தேளுக்கு முன்னால் போனைப் பிடிக்க அவருக்குத் துணிவில்லை. அதனால் ஒவ்வொன்றையும் செருப்பால் ஒரே போடு போட்டு, குச்சியால் நிமிர்த்தி வைத்து எடுத்த படங்கள் அவை. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

செயலி முதலில் பக்கத்து வீட்டுப் பாவாயியின் போனுக்கு வந்தது. அவளுக்குக் கண் மங்கல். மரவள்ளிக் குவியலுக்கு நேரே போனைப் பிடித்தாள். அது கத்தவில்லை. நம்பிக் கையை விட்டாள். கிழங்கின் மேலேயே கொடுக்கைத் தூக்கிக்கொண்டு நின்றது செந்தேள். செயலி பார்த்துப் பழகிய நானூற்றில் ஒன்றுகூடக் கொடுக்கைத் தூக்கியதில்லை.

மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் பாவாயியின் கட்டிலருகே குப்புசாமி நின்றார். சொல்லிவிடத்தான் வந்திருந்தார்.

"போன் ஏமாத்திப்போடுச்சுங்கண்ணா," என்றாள் பாவாயி. "நீங்க ஓடியாந்து செருப்புல ஒரே போடு போட்டீங்களே, அந்தக் கையத்தான் கும்புடோணும்."

குப்புசாமி அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.