ஒரே எடை, இரண்டு பெட்டி

அத்தானுக்கும் எனக்கும் ஒருநாளும் ஒத்துப்போனதில்லை. யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் செய்தி திருத்தும் வேலை பார்த்தவன் என்பதால், அக்காவைக் கட்டிய காலத்திலிருந்தே அவர் என்னைப் பேப்பர்க்காரன் என்றுதான் சொல்வார். தொண்ணூறுகளின் நடுவில், ஊரைவிட்டு வெளிநாடு வந்த பிறகு, ரூஜ் பக்கம் அவர்கள் வாங்கிய வீட்டின் பேஸ்மென்டில் நான் இருந்தேன். அதில் பாதி எனக்கு, மறுபாதி அவருடைய வேட்டைத் துப்பாக்கிக்கும் சாமான்களுக்கும். துவக்குக்குத் தப்பி வந்தவன் துவக்குக்குப் பக்கத்தில் படுக்கிறேன் என்று ஒருமுறை சொன்னேன்.

"அது அலுமாரியிலை பூட்டிக் கிடக்கு. உம்மடை வாயைத்தான் ஒருத்தராலும் பூட்டேலாமல் கிடக்கு" என்றார்.

மிசிசாகாவில் கார் உதிரிப்பாகம் செய்யும் தொழிற்சாலையில் அவருக்கு வேலை. அங்கே வேலையாட்களை மேற்பார்க்கும் போர்மனாக இருந்த வெள்ளைக்காரர் ஒவ்வொரு நவம்பரும் வடக்கே மான் வேட்டைக்குப் போவார். அந்த வருடம் காட்டில் அவர்கள் தங்கும் கேபினில் ஒரே ஓர் இடம் காலியானது. அத்தான் கேட்டார். அதே ஷிப்டில் வேலை செய்த இன்னொரு தமிழரும் கேட்டார். அவர் யாழ்ப்பாணத்துத் தீவுப்பகுதி ஆள், கத்தோலிக்கர், எதையும் வேடிக்கையாகச் சொல்லும் பகிடிக்காரர். போர்மன் சுருக்கமாக ஒரு வழி சொன்னார். ஆளுக்கு ஐந்து வெடி, நூறு கஜத் தூரம், தங்கள் கையால் செய்த தோட்டா. எவருடைய ஐந்து ஓட்டைகள் கிட்டக் கிட்ட விழுகின்றனவோ அவருக்கு இடம்.

அத்தானுக்கு மான் முக்கியமில்லை. இன்னொருவனை, அதுவும் தீவான் ஒருவனை, போர்மன் தன்னை விட்டுவிட்டுக் கூட்டிக்கொண்டு போகக்கூடாது, அதுதான் முக்கியம். இதைத் தொழிற்சாலைச் சாப்பாட்டு மேசையில் அந்தத் தீவுக்காரருக்குக் கேட்கும்படியே சொல்லியிருக்கிறார். அதற்கு அவர், "ஓம் அண்ணை, நீங்கள்தான் போகவேணும். மான் உங்களைக் கண்டால் தானா வந்து படுக்கும்" என்றாராம். அத்தான் இதை வீட்டில் சொல்லும்போது அக்கா சிரித்துவிட்டாள். அன்று அவர் சாப்பிடவில்லை.

தோட்டா செய்வது விளங்காத வேலை அல்ல. வெற்றுப் பித்தளைக் கோதுக்குள் வெடிமருந்தை அளந்து போட்டு, அதன் வாயில் சன்னத்தை அழுத்தி இருத்த வேண்டும். சன்னம் என்பது குழலிலிருந்து பறந்துபோகும், செம்பு போர்த்த ஈயக் குண்டு. பெட்டியில் ஓர் எடை எழுதியிருக்கும். உள்ளே கிடப்பவை கொஞ்சம் கூடவும் கொஞ்சம் குறையவும் இருக்கும். ஒரே மாதிரியானவற்றைப் பொறுக்கி எடுப்பவருக்கு ஓட்டைகள் நெருங்கி விழும். ஊரில் அத்தான் நகைத் தொழில் செய்தவர். மஞ்சாடிக் கணக்கில் பொன் நிறுத்த கைக்கு இது விளையாட்டு. குறட்டால் ஒவ்வொரு சன்னமாகத் தூக்கித் தராசில் வைத்து, முள் அசைவு நிற்கும்வரை மூச்சை அடக்கியிருந்து, எடைக்கு ஒரு கிண்ணமாகப் பிரித்தார். கடைசியில் ஒரு கிண்ணத்தை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

மேசையில் சன்னங்கள் வந்த இரண்டு வெறும் பெட்டிகள் கிடந்தன. கம்பனி ஒன்று, பெயர் ஒன்று, எடை ஒன்று. அடியில் அச்சிட்டிருந்த தயாரிப்பு எண் வேறு வேறு. அச்சடித்த எதையும் முழுக்க வாசிப்பது என் தொழிற் பழக்கம். அவர் இழுத்துக்கொண்ட கிண்ணத்திலிருந்து சில சன்னங்களை எடுத்து நிறுத்திவைத்துப் பார்த்தேன். ஒன்று மற்றதைவிட மயிரளவு உயரம். மூக்குப் பக்கம் ஒடுங்கத் தொடங்கும் இடமும் சற்று மேலே இருந்தது.

"அத்தான், உது ரெண்டு பெட்டியும் கலந்து போச்சு. உருவம் வித்தியாசம்."

"நிறை ஒண்டுதானே?"

"நிறை ஒண்டு. உருவம் வேறை."

அவர் தலையைத் தூக்கவில்லை. "பவுணை மோதிரமா அடிச்சாலும் பவுண். கட்டியா வைச்சாலும் பவுண். பேப்பரிலை எழுத்துப் பிழை பாத்த ஆள் எனக்குத் தராசு பழக்க வாறார்."

"பவுணை நீங்கள் குழலுக்குள்ளாலை சுடுறேல்லை."

"எழும்பிப் போம் அங்காலை."

எழுந்து போனேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தானுடைய கார் பழுதாகிக் கராஜில் கிடந்ததால் நான்தான் என் காரில் அவரைச் சுடுமிடத்துக்குக் கொண்டுபோனேன். தீவுக்காரர் முதலில் சுட்டார். அவர் எதையும் நிறுக்கவில்லை. ஒரே பெட்டியை உடைத்து, தட்டையாகவோ கீறலாகவோ தெரிந்தவற்றை மட்டும் ஒதுக்கினதாகச் சொன்னார். அவருடைய ஐந்தையும் ஒரு தேநீர்க் கோப்பையின் வாயால் மூடலாம். பெரிய சாதனை இல்லை.

அத்தான் அவரைவிட நன்றாகச் சுடக்கூடியவர் என்பது அவர் குந்தியிருந்த விதத்திலேயே தெரிந்தது. தோளில் அசைவில்லை. விரல் அவசரப்படவில்லை. ஐந்தும் முடிந்ததும் போர்மன் தாளைக் கழற்றிக்கொண்டு வந்தார். மூன்று ஓட்டைகள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு இருந்தன. மற்ற இரண்டும் தங்களுக்குள் தொட்டுக்கொண்டு, அந்த மூன்றுக்கும் மேலே, உள்ளங்கை அகலம் விலகி இருந்தன. கை நடுங்கினால் ஓட்டைகள் சிதறும். இவை சிதறவில்லை. இரண்டு வகைச் சன்னங்கள், இரண்டு இடத்தில் விழுந்திருந்தன.

போர்மன் அடிமட்டம் வைத்து ஐந்தின் மொத்த விலகலைப் பார்த்துவிட்டுத் தீவுக்காரரின் தோளில் தட்டினார். இன்னொரு ஐந்து சுடவிடும்படி அத்தான் கேட்டார். இல்லை என்று போர்மன் தலையாட்டினார்.

"விடுங்கோ அண்ணை, அடுத்த வருஷம் பாப்பம். இறைச்சி கொண்டுவந்து தாறன்" என்றார் தீவுக்காரர். அதில் பகிடி இருக்கவில்லை. அதுதான் அத்தானால் தாங்க முடியாமல் போனது.

"உம்மடை இறைச்சியை உம்மடை நாய்க்குப் போடும்" என்று சொல்லிவிட்டு என் காரில் வந்து ஏறினார்.

கார் நெடுஞ்சாலையில் ஏறியதும் அவர் என் பக்கம் திரும்பினார்.

"சந்தோசமோ?" என்றார்.

"நான் அண்டைக்கே சொன்னனான்."

"சொன்னனீர். நான் தோக்கவேணும் எண்டு நினைச்சுச் சொன்னனீர்."

உள்ளுக்குள் அதை என்னால் மறுக்க முடியவில்லை. தோற்கவேண்டும் என்று நினைத்தது உண்மை. சொன்னதும் உண்மை.

"அப்பிடி நினைச்சிருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருப்பன் அத்தான். நீங்கள்தான் எழும்பிப் போகச் சொன்னனீங்கள்."

"இப்பவும் அதைத்தான் சொல்லுறன். மாதம் முடிய வேறை இடம் பாரும்."

அக்கா இருவரிடமும் பேசிப் பார்த்தாள். அத்தான் அசையவில்லை, நானும் இருக்கவிடும்படி கேட்கவில்லை. நகரின் மறுபக்கம், பார்க்டேலில் ஓர் அறை கிடைத்தது. சாமான் ஏற்றிய நாளில் அத்தான் வீட்டில்தான் இருந்தார். மேலே அவர் நடப்பது கேட்டது. கீழே இறங்கி வரவில்லை.