நாற்பத்தேழாம் நம்பர்

சல்லடையில் பழத்தைப் போட்டு, மேலே மணலைத் தூவி, தொட்டித் தண்ணீரில் அமிழ்த்தித் தேய்த்துக்கொண்டிருந்தாள் சவுரியம்மாள். மொத்தம் பதினோரு பழம். நாலு முடிந்திருந்தது. சதை பிசுபிசுவென்று விரலில் ஒட்டியது. தாவரவியல் தோட்டத்து நாற்றங்காலில் இருபது வருடமாக அவள் செய்கிற வேலைதான். ஆனால் இன்றைக்கு ஒவ்வொன்றையும் மெல்ல மெல்லத் தேய்த்தாள்.

“என்னாக்கா, கைக்குழந்தைக்குத் தலைக்கு ஊத்துற மாதிரி தேய்க்கிற?” பக்கத்தில் பைகளில் மண் நிரப்பிக்கொண்டிருந்த கவிதா கேட்டாள். “பயந்துக்கினே தேய்ச்சா பொழுது சாஞ்சிடும்.”

“பேஜாரு பண்ணாதடி. ஒண்ணு தண்ணியோட போச்சுன்னா உங்கப்பனா வந்து குடுப்பான்?”

“எங்கப்பன் எங்க குடுக்கப் போறான்? வாங்கத்தான் வருவான்.”

சவுரியம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. பதினோரு மணிக்குத் தோட்டத்து விஞ்ஞானி பாண்டுரங்கன் ஐயா ஆசிட் பாட்டிலைத் திறப்பார். இந்தக் கொட்டைகளை அதில் போடுவார். அதன் பிறகு ஒன்றுகூட முளைக்காது. அது உலகத்திலேயே அவளுக்கும் அவள் புருஷன் அலெக்ஸுக்கும் மட்டும்தான் தெரியும்.

இந்தப் பழம் பழுத்த மரத்துக்குத் தமிழில் பெயர் கிடையாது. லத்தீன் பெயர் வாயில் நுழையாது. தோட்டத்துப் பதிவேட்டில் அதன் எண் நாற்பத்தேழு; வேலையாட்கள் ‘நாப்பத்தேழு’ என்றே கூப்பிட்டார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் யாரோ ஒரு கிளையை ஒடித்துக் காகிதத்தில் ஒட்டி வைத்ததோடு சரி, நூறு வருடம் யார் கண்ணிலும் படவில்லை. பிறகு திருவக்கரைப் பக்கம் ஒரு கல்குவாரி ஓரத்தில் ஒற்றை மரமாக நின்றதைப் பாண்டுரங்கன் கண்டுபிடித்தார். கிளை வெட்டி நட்டார், அழுகியது. பதியம் போட்டார், காய்ந்தது. விதை விதைத்தார், வருடம் முழுக்கச் சரளைக்கல் போலவே மணலில் கிடந்தது. வெளியூர்த் தோட்டங்களுக்கு அனுப்பிய விதைக்கும் அதே கதி. கொட்டையின் கெட்டி ஓட்டை ஆசிட்டில் அரித்துப் பார்ப்பதுதான் பாக்கியிருந்தது.

பதிமூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை அவர் இருபத்துமூன்று பழங்களை எண்ணி அவள் கையில் கொடுத்தார். கோயம்புத்தூரில் நாலு நாள் கூட்டம் அவருக்கு. “சவுரி, பழத்தைக் கழுவு. திங்கட்கிழமை கொட்டையை ஆசிட்ல இருபது நிமிஷம் போடு. நல்லா அலசிட்டு மணல்ல விதைச்சிடு. நான் காட்டின மாதிரியே செய்.”

மறுநாள் சனிக்கிழமை மகள் மலர்விழிக்குக் காய்ச்சல் என்று பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தது. பழங்களைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு, வீட்டிலேயே கழுவிக்கொள்ளலாம் என்று கிளியனூர் வீட்டுக்கு ஓடினாள். அதுதான் அவள் செய்த தப்பு. தோட்டத்துப் பொருள் ஒரு இலைகூட கேட்டைத் தாண்டக்கூடாது. முத்துசாமி என்ற வேலையாள் நாலு செம்மரக் கன்றைச் சைக்கிளில் வைத்துப் பிடிபட்டு, அன்றைக்கே வேலையிலிருந்து அனுப்பப்பட்டு ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

பிள்ளைக்குக் கஞ்சி காய்ச்சிவிட்டு வாசலுக்கு வந்து பார்த்தால், பழங்களைக் கொட்டி வைத்திருந்த முறம் காலி. வெள்ளாடு நாக்கை நக்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பயத்தை அவள் இன்றுவரை மறக்கவில்லை. காலோடு மூத்திரம் போனதை அலெக்ஸிடம்கூடச் சொன்னதில்லை.

ஆனால் ஆடு வளர்க்கிறவளுக்கு ஒன்று தெரியும். கருவேலங்காய் தின்ற ஆடு, படுத்து அசைபோடும்போது கொட்டையைத் துப்பிவிடும். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகாமல் ஆட்டின் வாய்க்கு நேரே குந்திக்கொண்டு, அது துப்பத் துப்பப் பொறுக்கினாள். பதினாறு தேறியது. கெட்டி ஓடு இளகி, நகம் பட்டாலே கீறல் விழுந்தது. இதை ஆசிட்டில் போட்டால் கரைந்தே போகும் என்று பயந்து, திங்கட்கிழமை நேராக மணலில் விதைத்தாள். ஐயா வந்து கேட்டபோது, “சொன்ன மாதிரியே போட்டுட்டேங்க” என்றாள்.

இருபதாம் நாள் ஒன்பது முளைத்தன.

பாண்டுரங்கன் குழந்தை மாதிரி கை தட்டினார். பதிவேட்டில் ‘அமிலம், இருபது நிமிடம், இருபத்துமூன்றுக்கு ஒன்பது’ என்று எழுதினார். அதைக் கட்டுரையாக்கி மாநாடுகளில் படித்தார். தினக்கூலியாக இருந்த சவுரியம்மாளை நிரந்தரமாக்கச் சொல்லி அவரே நிர்வாகத்துக்கு எழுதினார். அவளும் அவரும் நாற்றுத்தட்டோடு நிற்கும் படம் ஆய்வறைச் சுவரில் மாட்டப்பட்டது. அதற்குக் கீழே நின்று கூட்டும்போதெல்லாம் அவள் தலை நிமிர்ந்ததில்லை.

அதற்குப் பிறகு ஐயா தானே அளந்து ஆசிட்டில் போட்ட ஒரு கொட்டையும் முளைக்கவில்லை. எட்டுத் தோட்டங்கள் அவர் முறைப்படி செய்துவிட்டு, எத்தனை சதவீதம், எத்தனை சூடு என்று கேட்டு எழுதிக்கொண்டே இருந்தன. ஒருமுறை அவள் துணிந்து, “ஆட்டுப்பட்டியில போட்டுப் பாக்கலாங்களாய்யா?” என்று கேட்டாள். “இது கருவேலங்காய் இல்ல சவுரி” என்று சிரித்தார். அத்தோடு வாயை மூடிக்கொண்டாள்.

ஒன்பது கன்றில், மலைத் தோட்டத்துக்குப் போன மூன்று குளிரில் செத்தன. வேறொரு தோட்டத்துக்குப் போன இரண்டுக்கு வேர் அழுகல். இங்கே இருந்த நாலில் இரண்டைக் கரையான் தின்றது. ஒன்று போன கார்த்திகைப் புயல் வெள்ளத்தில் போனது. அதே புயலில் குவாரி ஓரத்துத் தாய்மரமும் சாய்ந்தது. மிஞ்சிய ஒற்றை மரம் இந்த ஆடியில்தான் முதல்முறையாகப் பழுத்தது. பதினோரு பழம்.

“வாயை மூடிக்கினு இரு,” என்றிருந்தான் அலெக்ஸ், இன்று காலையில் சைக்கிளைத் துடைத்தபடி. “அது மொளைச்சா இன்னா, மொளைக்காட்டி இன்னா? உனக்கு இன்னும் ஆறு வருசம் சர்வீஸ் இருக்குது. பொய் சொல்லி வேலை வாங்கினவள்னு ஆபீஸ்ல எழுதினான்னா, பிஎஃப் பணம் வருமா?”

“அந்த மனுசன் அடுத்த மாசம் ரிட்டையர் ஆவுறாருய்யா.”

“அப்ப நல்லதாப் போச்சு. ஒரு மாசம் பொறுத்துக்கோ.”

தொட்டியருகில் ஐந்தாவது பழத்தைக் கையில் எடுத்தவள், தேய்க்காமல் வைத்திருந்தாள். சதையைக் கழுவிவிட்டால் ஆடு சீந்தாது.

“அக்கா, மணி பதினொண்ணு. ஐயா கூப்புடுறாரு, ஜல்தி போ.”

கழுவிய நாலையும் கழுவாத ஏழையும் ஒரே தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு ஆய்வறைக்குள் போனாள். பாண்டுரங்கன் ரப்பர் கையுறை மாட்டியிருந்தார். பாட்டில் மேசைமேல் இருந்தது, மூடியோடு.

“என்ன சவுரி, ஏழு அப்படியே இருக்கு?”

“கை ஓடலீங்க.”

“சரி வை. இந்தத் தடவை நேரத்தை மாத்தலாமான்னு யோசிக்கிறேன். அன்னிக்கு நீ போட்டப்ப கடிகாரம் பாத்தியா, குத்துமதிப்பா எடுத்தியா? நல்லா நெனச்சுச் சொல்லு. இருபதா, இருபத்தஞ்சா?”

அவள் தட்டின் விளிம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

“சொல்லும்மா. அந்த அஞ்சு நிமிஷத்துலதான் எல்லாம் இருக்கு.”

“போடலீங்க.”

“என்ன போடல?”

“ஆசிட்ல போடவே இல்லீங்கய்யா. ஆடு தின்னுட்சி.”

அவர் சிரிக்கப் போனார். அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அவள் ஒரே மூச்சில் சொன்னாள். பிள்ளைக்குக் காய்ச்சல், முறம், ஞாயிற்றுக்கிழமை, பதினாறு. நடுவில் நிறுத்தினால் மறுபடி தொடங்க முடியாது என்று பயந்து, அவர் கண்ணைப் பார்க்காமல் பாட்டிலைப் பார்த்தே சொன்னாள்.

“ஆடா?”

“ஆமாங்க. வெள்ளாடு.”

“பதினாறுக்கு ஒன்பது,” என்று அவர் தனக்குத்தானே முணுமுணுத்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தார். “எட்டுத் தோட்டத்துக்கு எழுதியிருக்கேன் சவுரி. அவங்க கையில இருந்த வெதையெல்லாம் ஆசிட்ல போட வச்சேன்.”

“தப்புதாங்க. என்னை நீங்க என்ன வேணா பண்ணுங்க. வேலைய வுட்டுப் போறேன்னு கையெழுத்து போடச் சொன்னாலும் போட்டுக் குடுக்கிறேன்.” தட்டை மேசையில் வைக்கவில்லை, நெஞ்சோடு அணைத்திருந்தாள். “இதுங்கள மட்டும் அதுல போடாதீங்க. வூட்ல ரெண்டு ஆடு கீதுங்க. கழுவின நாலையும் கேப்பைக்களியில உருட்டிக் குடுத்தா தின்னுடும். இங்கியே கட்டி வச்சு, நீங்க பாக்கவே துப்ப வைக்கிறேன். ஓட்டிக்கினு வரட்டுங்களா?”

வெளியே கவிதா யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள். பாண்டுரங்கன் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

“ஐயா, வரட்டுங்களா?”

அவர் எழுந்து, கையுறையைக் கழற்றாமலே, கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். “கவிதா, ரெண்டு ஆடு கட்டணும், நிழலாப் பாத்து முளைக்குச்சி அடி,” என்று அவர் குரல் கேட்டது.