சட்டைப் பையில் ஒரு கடிதம்

கல்யாண வீட்டில் சோற்றுச் சஹன் தட்டைச் சுற்றி ஐந்து தலைகள் குனிந்திருக்கின்றன. ஆறாவது தலை மட்டும் முகட்டைப் பார்க்கிறது. அது கச்சிமுகம்மது.

"அடுப்படியில ஒண்டு, நடு ஹோல்ல ஒண்டு. இந்த ஊட்டுக்கு ரெண்டு பெல்லு போதும்," என்கிறார். அதற்குள் கோழிப்பொரியல் முடிந்துவிடுகிறது. அவருக்குக் கவலையே இல்லை.

குவைத்தில் ஓர் எண்ணெய்க் கொம்பனியில் நான்கு வருடம் நெருப்பு மணி பூட்டிய மனிதர். எண்பத்திரண்டில் கல்முனைக்கு வந்து பெட்டியைத் திறந்தபோது, ரேடியோ எதிர்பார்த்திருந்த மனைவி றபீக்கா கண்டது வயர்ச் சுருளும் வெள்ளை மணிகளும்தான். புகை பட்டால் தானாக அடிக்கும் மணி என்றதும் கடைத்தெரு சிரித்தது. புடவைக்கடை அப்துல் ஹமீட் ஹாஜியார் மட்டும் தன் கடையில் ஒன்று பூட்டச் சம்மதித்தார். மற்ற முதலாளிமார் "பாத்துச் சொல்லுவம்" என்றார்கள்.

இதற்கிடையில் குவைத்திலிருந்து திரும்ப வரச்சொல்லிக் கடிதம். அதை மடித்துச் சட்டைப் பையிலேயே வைத்திருந்தார். றபீக்கா அந்தப் பையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். "ஹாஜியார்ர கடையில பெல்லு நிலைச்சு நிண்டாத்தான் நான் ஊரில நிப்பன். இல்லாட்டி மறுகா பிளேன்தான்," என்று பக்கத்துக் கடைக்காரனான என்னிடம் சொன்னபோது மட்டும் அவர் குரல் இறங்கியது.

ஹாஜியார் கடையில் வியாழக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு சாம்பிராணி போடாமல் வியாபாரம் நடக்காது. இந்த ஊரிலேயே பிறந்த கச்சிமுகம்மது இதை மறந்தார், பாருங்கள்! சட்டியை உள்ளே கொண்டுவந்ததுதான் தாமதம், மணி அலறியது. கடைத்தெருவே வாளியோடு ஓடியது. மருதமுனைச் சாறன் கட்டின்மேல் விழுந்த முதல் வாளித் தண்ணீர் என்னுடையது. அல்லாஹ் மன்னிக்கட்டும்.

"கழட்டுங்க தம்பி இந்தச் சனியன!" என்றார் ஹாஜியார்.

"எண்ணெய்க் கொம்பனிக்குள்ள ஆராவது சாம்பிராணிச் சட்டி தூக்குவானா ஹாஜியார்? எனக்கு அந்த ஞாபகமே வரல்ல. ஒரேயொரு வியாழக்கிழமை தாங்க."

அந்த வாரத்துக்குள் புகை மணியைக் கழற்றி, சாம்பிராணி எட்டாத, துணிக்கட்டு அடுக்கிய பின்னறை முகட்டில் பூட்டினார். முன்னால், சூட்டுக்கு மட்டும் அடிக்கும் வேறொன்று.

மறு வியாழன். சாம்பிராணிப் புகை முன்கடையை நிறைத்தது. நாங்கள் வாசலில் வாளியோடு நின்றோம். ஒரு சத்தமும் இல்லை. எனக்கே நெஞ்சு குளிர்ந்தது.

"நிக்கட்டும் தம்பி, கழட்ட வேணாம்," என்ற ஹாஜியார், சந்தேகத்தோடு பின்னறையை எட்டிப் பார்த்தார். "ஆனா இது உசிரோட இரிக்கா, மௌத்தாப் போயிட்டா?"

கச்சிமுகம்மதுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பின்னறை மணியின் கீழே முக்காலி போட்டு ஏறினார். புகை காட்ட ஒரு கடதாசி வேண்டும். ஹாஜியார் பழைய பேப்பரை நீட்டினார்.

"வேணாம், எனக்கிட்ட இரிக்கி," என்றவர், சட்டைப் பையிலிருந்து குவைத் கடிதத்தை எடுத்து, திரியாக முறுக்கி, நெருப்பு வைத்து, ஊதி அணைத்து, மணிக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்.