கறுப்பு உல்லன் நூல்

யசோதாவுக்கு மூக்குமேல் கோபம். பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இருபத்திரண்டு வருஷம் வாட்ச் ஃபேக்டரியில் பொடி ஸ்க்ரூக்களைப் பூட்டிய கை அவளுடையது. ஃபேக்டரி மூடியதும் பழைய ஃபிலிம் கேமராக்கள் பக்கம் திரும்பினாள். சமையலறை மேஜைதான் பட்டறை. லென்ஸ் வளையத்தைத் திருக மருந்து பாட்டிலின் ரப்பர் மூடி. ஒட்டிக்கொண்ட ஷட்டருக்கு லைட்டர் பெட்ரோல் ஒரு சொட்டு. வெளிச்சம் உள்ளே போகாமல் கேமராவின் பின்கதவு ஓரத்தில் வைத்திருக்கும் ஸ்பாஞ்சு பொடிந்துபோயிருந்தால், அந்தப் பள்ளத்தில் கறுப்பு உல்லன் நூல். போர்டு கிடையாது, ஒருவர் சொல்லி ஒருவர் வந்தார்கள்.

அந்தப் பேரைத்தான், அவளிடம் கேமரா ரிப்பேர் செய்துகொண்டு போன சுஹாஸ் நாறடித்தான். ‘ஆஸ்டின் டவுன் ஆன்ட்டியிடம் கேமரா கொடுத்தால் கெடுத்துவிடுவார்’ என்று நெட்டில் எழுதிவிட்டு, மறுநாள் கேமராவோடு வாசலில் வந்து நின்றான். என்ன நெஞ்சழுத்தம்!

“எங்க அக்கா சஹானாவோட வளைகாப்பு ஆன்ட்டி. முப்பத்தாறு ஃபோட்டோ, எல்லாத்துலயும் ஆரஞ்சுக் கோடு. இதான் உங்க ரிப்பேரா?”

யசோதா கேமராவை வாங்கிப் பின்கதவைத் திறந்தாள். பள்ளம் பளபளவென்று இருந்தது. பேருக்குக்கூட ஓர் இழை இல்லை; வெளிச்சம் அந்த வழியாகத்தான் புகுந்து கோடு போட்டிருக்கிறது.

“நான் வச்ச நூல் எங்கப்பா?”

“நூலா? கறுப்பா அழுக்கு மாதிரி இருந்துச்சு. ட்வீசர்ல எடுத்துட்டு ஸ்பிரிட் போட்டுத் துடைச்சேன்.”

யசோதாவுக்கு உச்சந்தலை வரை சுர்ரென்று ஏறியது.

“அழுக்கா? அரை நாள் குனிஞ்சு, கழுத்து ஒடிய ஒட்டினது உனக்கு அழுக்கா? இது என்னா ஆன்ட்டின்னு ஒரு ஃபோன் பண்ணா வாய் முத்தா உதிர்ந்துடும்? கேக்க மட்டும் நேரமில்ல, ஊரெல்லாம் எழுத நேரம் இருக்குதா?”

“சாரி ஆன்ட்டி. இப்பவே டெலீட் பண்ணிடறேன்.”

“அழிக்காதே! ஏற்கெனவே படிச்சவங்களுக்கு யார் போய்ச் சொல்றது? அதுக்குக் கீழயே எழுது, நூலை எடுத்தது நான்தான்னு.”

சுஹாஸ் எழுதினான். சத்தமாகப் படிக்கச் சொன்னாள், படித்தான். கேமராவை எடுக்கக் கை நீட்டினான். யசோதா அதைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“நூல் வச்சுத் தரேன். முதல்ல இதை உங்க அக்காவுக்கு அனுப்பு. ஃபோட்டோ போனது யாராலன்னு அவளுக்கும் தெரியட்டும்.”

சுஹாஸின் கட்டைவிரல் ஃபோன்மேல் அப்படியே நின்றுவிட்டது.